தலைவிதி அல்ல, கட்சி விதி!

மூன்று முறை மகுடம் அவர் தலையருகே வந்தது. மூன்று முறையும் வேறொருவர் தலையில் ஏறிற்று. அமெரிக்க அரசியலில் ராபர்ட் டாஃப்ட் என்ற பெரியவரின் கதை இதுதான். பிறந்த நேரம் சரியில்லை என்பார் சோதிடர். எழுதியவன் எழுத்து என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார் பழமைவாதி. நாம் அப்படிச் சொல்வதற்கில்லை. 1952ஆம் ஆண்டு அவரை வீழ்த்தியது தலைவிதி அல்ல, கட்சி விதி! வியப்பு என்னவெனில், நாற்பது ஆண்டுகட்கு முன்னர் அவருடைய தந்தையைத் தூக்கி நிறுத்தியதும் அதே விதிதான். தந்தைக்குக் கேடயமாக இருந்தது, தனயன் கைக்கு வந்தபோது உடைந்தது. ஏன் உடைந்தது? கட்சி என்று ஒன்றை வைத்து நடத்துகின்ற எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி அது. அதனால்தான் அவருடைய வாழ்க்கையை இங்கே எடுத்துரைக்கிறோம்.

ராபர்ட் டாஃப்ட் 1889 செப்டம்பர் 8ஆம் நாள், ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பிறந்தார். பாட்டனார் அல்ஃபோன்சோ டாஃப்ட், கிராண்ட் ஆட்சியில் அமைச்சர். தந்தை வில்லியம் ஹோவார்டு டாஃப்ட், பிலிப்பைன் தீவுகளின் ஆளுநர், பின்னர் போர்த்துறை அமைச்சர், 1909 முதல் 1913 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவர், அதன் பின்னர் அந்நாட்டின் தலைமை நீதிபதி! செல்வாக்கு மிக்க குடும்பம். ஆனால் பிள்ளை, குடும்பப் பெயரைக் காட்டிக் காலந்தள்ளவில்லை. யேல் பல்கலைக் கழகத்தில் படித்தார்; ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

அவர் ஹார்வர்டில் சட்டம் படித்துக் கொண்டிருந்த காலத்திலேதான், 1912இல், தந்தையின் பதவிக்குப் பேராபத்து வந்தது. வந்தது எதிர்க்கட்சியிலிருந்து அல்ல, சொந்த வீட்டிலிருந்து! முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட், தாமே கைதூக்கிவிட்ட நண்பர் டாஃப்டை எதிர்த்து, ரிபப்ளிகன் கட்சியின் வேட்பாளர் பதவியைக் கேட்டுக் களத்தில் குதித்தார்.

அந்நாட்டு முறையை இங்கே சற்று விளக்கிட வேண்டும். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்வது கட்சியின் தேசிய மாநாடு. அந்த மாநாட்டிற்கு ஒவ்வொரு மாநிலமும் பிரதிநிதிகளை அனுப்பும். அந்நாளில் சில மாநிலங்களில், பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் மக்களே வாக்களித்தனர். மற்ற மாநிலங்களில், வட்டக் கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு என்று படிப்படியாகக் கட்சிக்காரர்கள் கூடிப் பிரதிநிதிகளைப் பொறுக்கினர். தகராறு பிறந்த இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடம்தான். ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு அணிகள், இரண்டு பட்டியல்களுடன் வந்து, நாங்களே மெய்யான பிரதிநிதிகள் என்று மாநாட்டு வாசலில் நின்றால், யாரை உள்ளே விடுவது?

முதலில் கட்சியின் தேசியக் குழு ஒரு தற்காலிகப் பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் இடம் பெற்றவர்கள் உள்ளே சென்று அமர்வர். பிறகு மாநாடே வாக்கெடுத்து இறுதித் தீர்ப்பு வழங்கும். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. தகராறுக்கு ஆளானவர், தம்முடைய வழக்கில் வாக்களிக்கக் கூடாது. ஆனால் அந்நாளில், தம்மைப் போலவே தகராறுக்கு ஆளான அடுத்த மாநிலத்தாரின் வழக்கில் வாக்களிக்க முடிந்தது! ஜார்ஜியாக்காரருக்கு டெக்சாஸ்காரர் சாட்சி. டெக்சாஸ்காரருக்கு ஜார்ஜியாக்காரர் சாட்சி. இருவர் மீதும் வழக்கு, இருவருமே நீதிபதிகள்! இதுதான் அந்நாளைய விதி.

1912இல் பிரைமரி நடந்த மாநிலங்கள் ஒரு டசன்தான். அவற்றுள் 9 மாநிலங்களை ரூசவெல்ட் வென்றார். டாஃப்டின் பிறந்த மண்ணாகிய ஒகையோவும் அவற்றில் ஒன்று. ஆயினும் சிகாகோ மாநாட்டின் சாவி, பதவியிலிருந்தவர் கையில் இருந்தது. மொத்தப் பிரதிநிதிகள் 1,078 பேர். வெற்றிக்கு 540 பேர் வேண்டும். தகராறுக்குள்ளான இடங்கள் 254. தேசியக் குழு விசாரித்தது. 235 இடங்களை டாஃப்ட் அணிக்கும், 19 இடங்களை ரூசவெல்ட் அணிக்கும் வழங்கிற்று! தகராறுக்குரியவர்கள் வாக்களிக்கக் கூடாது என்று ரூசவெல்ட் அணியினர் முழங்கினர். மாநாட்டுத் தலைவர் எலிஹு ரூட், பழைய விதி இதுதான் என்று தீர்ப்பளித்தார். ரோடு ரோலர் ஓடுவதுபோல் வாயால் ஓசையெழுப்பிக் கேலி செய்தனர் எதிரணியினர். ரோலர் நிற்கவில்லை. 561 வாக்குகளில் டாஃப்ட் வேட்பாளரானார். ரூசவெல்ட் அணியினர் 344 பேர் வாக்களிக்க மறுத்து வாயடைத்து இருந்தனர்.

வென்றார் டாஃப்ட்; ஆனால் என்ன வென்றார்? ரூசவெல்ட் வெளியேறினார், தனிக் கட்சி கண்டார், கட்சி இரண்டாகப் பிளந்தது. நவம்பரில் டெமாக்ரடிக் கட்சியின் வில்சன் குடியரசுத் தலைவரானார். பதவியிலிருந்த டாஃப்ட் வென்ற மாநிலங்கள் இரண்டே இரண்டு: யூட்டா, வெர்மான்ட். மாநாட்டு மண்டபத்தை வென்றவர், மக்கள் மன்றத்தில் மூன்றாமவரானார்.

இந்த வீட்டுப் பிள்ளைதான் ராபர்ட். கண்பார்வைக் குறைவால் முதல் உலகப் போரில் படையில் சேர முடியாதுபோன அவர், ஹூவரின் கீழ் உணவுத் துறையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவின் பசித்த வயிறுகளுக்கு உணவனுப்பும் பணியில் ஈடுபட்டார். பின்னர் ஒகையோ சட்டமன்ற உறுப்பினர், அவைத் தலைவர். 1938இல் அமெரிக்க செனட் சபை உறுப்பினர். மேடையில் மயக்கும் பேச்சு அவருக்கு வராது. புள்ளிவிவரம் வரும், சட்ட நுணுக்கம் வரும், வளையாத பிடிவாதம் வரும். கட்சி என்றால் டாஃப்ட், டாஃப்ட் என்றால் கட்சி என்னும் பொருள்பட, மிஸ்டர் ரிபப்ளிகன் என்றே அவரை அழைத்தனர்.

அவருடைய கொள்கைகளுக்கெல்லாம் நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. 1947இல் அவர் பெயரால் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், தொழிற்சங்கங்களின் கைகால்களைக் கட்டிய சட்டம். குடியரசுத் தலைவர் ட்ரூமன் மறுத்தும், மறுப்பை மீறி நிறைவேற்றப்பட்ட சட்டம். உழைப்பாளியின் பக்கம் நிற்போர் அதனைப் பாராட்ட முடியாது. ஆனால் அதே டாஃப்ட்தான், ஏழைகளுக்கு அரசே வீடு கட்டித் தர வேண்டும் என்று வாதாடி, 1949இன் வீட்டு வசதிச் சட்டத்திற்குத் துணை நின்றார். 1946 அக்டோபரில் இன்னொன்றும் செய்தார். நாஜித் தலைவர்களுக்கு நியூரம்பர்க் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த நேரம்; உலகமே கைதட்டிய நேரம். செயல் நடந்து முடிந்த பிறகு சட்டம் செய்து தண்டிப்பது நீதியாகாது என்று கென்யான் கல்லூரியில் துணிந்து பேசினார். நாடே சீறிற்று. அவர் பின்வாங்கவில்லை. ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றாதே என்பதுதான் அவருடைய சட்ட மனம். இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1940இல் வேட்பாளர் பதவியைக் கேட்டார். ஆறாவது சுற்றில் வில்க்கி பறித்துக் கொண்டார். 1948இல் கேட்டார்; டூவி பெற்றார். 1952 வந்தது. வயது 62. இம்முறை கட்சியின் தேசியக் குழு அவர் பக்கம். மாநாட்டு அமைப்பாளர்கள் அவர் பக்கம். எதிரே நின்றவரோ, இரண்டாம் உலகப் போரின் வெற்றித் தளபதி ஐசன்ஹோவர்! பிரைமரிகளில் 6 டாஃப்டுக்கு, 5 ஐசன்ஹோவருக்கு. கூட்டிப் பார்த்தால் மொத்த வாக்குகளில் டாஃப்டே முன்னணி. மொத்தப் பிரதிநிதிகள் 1,206 பேர், வேண்டியது 604. இருவருக்கும் அந்த எண் எட்டவில்லை. துலாக்கோல் முள் நடுவிலே நின்று நடுங்கிற்று.

அப்போது தெற்கே மூண்டது தகராறு. டெக்சாஸ் அந்நாளில் டெமாக்ரடிக் கட்சியின் கோட்டை. ரிபப்ளிகன் கட்சிக் கூட்டமென்றால் ஒரு வீட்டு முன்னறையில் நடந்து முடிந்துவிடும். 1952 மே மாதம் அந்தச் சின்னஞ்சிறு வட்டக் கூட்டங்களுக்குள் ஐசன்ஹோவர் ஆதரவாளர்கள் வெள்ளமெனப் புகுந்தனர். நாங்கள் ரிபப்ளிகன்கள் என்று உறுதிமொழியில் கையொப்பமிட்டனர், பெரும்பான்மை பெற்றனர். டாஃப்ட் அணியினரோ, இவர்கள் நேற்றுவரை டெமாக்ரட்டுகள், ஒரு நாள் விருந்தாளிகள் என்றனர். மினரல் வெல்ஸ் நகரத்து மாநில மாநாட்டில், கட்சிப் பொறுப்பாளர்கள் அவர்களைத் தள்ளிவிட்டு டாஃப்ட் பட்டியலை ஏற்றனர். தள்ளப்பட்டவர்கள் போட்டி மாநாடு கூட்டினர். டெக்சாசின் 38 இடங்களுக்கு இரண்டு பட்டியல்கள்! ஜார்ஜியா, லூசியானா மாநிலங்களிலும் இதே கதை. மொத்தம் 68 இடங்கள் வழக்கில் சிக்கின.

டாஃப்ட் அணியினர் கூறியதில் நியாயமே இல்லையா? இருந்தது. அடுத்த வீட்டுக்காரன் வந்து நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டால், யாரும் யோசிக்கத்தான் செய்வர். ஆனால் புதிதாக வருபவர் மீதெல்லாம் ஐயம் கொண்டு கதவடைத்தால் கட்சி வளருமா என்பதும் கேள்வியன்றோ? கேள்வி இரு பக்கமும் கூரானது. அதனால்தான் தீர்ப்புக் கூறுபவர் நடுநிலையாளராக இருந்திட வேண்டும். இருந்தவர்களோ டாஃப்டின் ஆட்கள்! அவர் 22 இடம் எனக்கு, 16 இடம் உனக்கு என்று டெக்சாசைப் பங்கிட முன்வந்தார். ஐசன்ஹோவரின் தளபதி லாட்ஜ் மறுத்துவிட்டார். நேர்மையைப் பாகம் பிரிப்பதற்கில்லை என்பது அவர் வாதம். பங்கிட்டால் தோற்போம் என்பது அவர் கணக்கு. வாதமும் கணக்கும் ஒன்றாக அமைவது அரசியலில் பெரும் பேறு!

ஹூஸ்டன் நகரில் கூடியிருந்த ரிபப்ளிகன் ஆளுநர்கள் அறிக்கை விட்டனர். மொத்தமிருந்த 25 ரிபப்ளிகன் ஆளுநர்களில் 23 பேர் அதில் கையொப்பமிட்டனர். தேசியக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெறாத தகராறுப் பிரதிநிதிகள், தம் வழக்கு முடியும்வரை எந்த வழக்கிலும் வாக்களிக்கக் கூடாது என்பதே அவர்கள் கோரிக்கை. 1912இல் ரூசவெல்ட் அணி கேட்டு மறுக்கப்பட்ட அதே கோரிக்கை! நேர்மை ஆட்டத் திருத்தம் என்று அதற்குப் பெயர் சூட்டினர். பெயரிலேயே பாதி வெற்றி. நேர்மை ஆட்டத்தை எதிர்த்து எவர் வாக்களிப்பார்?

டாஃப்ட் அணியினர் முறையிட்டனர்: விதி பழைய விதி, ஆட்டம் தொடங்கிய பின் மாற்றுவது அடாது. நியூரம்பர்க் தீர்ப்புக் குறித்து அவர் சொன்ன அதே வாதம் இப்போது அவருக்கே கேடயம். ஆனால் 1912இல் இல்லாத ஒன்று 1952இல் இருந்தது: டெலிவிஷன்! நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை, மக்கள் வீட்டிலிருந்தபடியே மாநாட்டைக் கண்டனர். விதியின் வரலாறு அவர்களுக்குத் தெரியாது. வழக்கில் சிக்கியவனே நீதிபதி நாற்காலியில் அமரலாமா என்பது தெரியும்.

1952 ஜூலை 7, அதே சிகாகோ. திருத்தத்தைக் குறைத்திட டாஃப்ட் அணி கொண்டுவந்த தீர்மானம் 548க்கு 658 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து ஜார்ஜியா வழக்கு. தகராறுக்குரிய 68 பேரும் வாக்களிக்க இயலாத நிலையில், 607க்கு 531 என்று ஐசன்ஹோவர் பக்கம் தீர்ந்தது. டெக்சாசும் கைமாறிற்று, 33 பேர் ஐசன்ஹோவருக்கு, 5 பேர் டாஃப்டுக்கு. ஜூலை 11 முதல் சுற்று: ஐசன்ஹோவர் 595, டாஃப்ட் 500. இன்னும் 9 வேண்டும்! மின்னசோட்டா மாநிலத்தார் எழுந்து வாக்கை மாற்றினர், முடிந்தது கதை. டாஃப்ட் கேட்ட 22-16 பங்கீடு மட்டும் நின்றிருந்தால், டெக்சாசில் மட்டும் 17 வாக்குகள் இடம் மாறியிருக்கும்.

பிரைமரி வாக்கில் பின்தங்கிய தந்தை வேட்பாளரானார். பிரைமரி வாக்கில் முந்திய தனயன் வெளியே நின்றார். மண்டபத்துள் இருந்தோர் கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்று 1912இல் இருந்த நிலை, மண்டபத்துக்கு வெளியே இருப்போர் மனமும் ஒப்ப வேண்டும் என்று 1952இல் மாறிவிட்டது. விதிப் புத்தகம் டாஃப்டின் கையில் இருந்தது. விதிக்கு உயிர் தரும் நம்பிக்கை அவர் கையில் இல்லை. அதனாலேயே கேடயம் உடைந்தது.

ஆனால் அவருடைய பெருமை இனிமேல்தான் தொடங்குகிறது. வென்ற ஐசன்ஹோவர், தெருவைக் கடந்து, தோற்றவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்றார். டாஃப்ட் கை குலுக்கி வரவேற்றார். உள்ளம் கசந்திருந்தது, ஆயினும் ரூசவெல்டைப் போல் வெளியேறவில்லை, தனிக் கடை விரிக்கவில்லை. செப்டம்பரில் இருவரும் சந்தித்துக் கொள்கை உடன்பாடு கண்டனர். ஊரூராகச் சென்று, தம்மைத் தோற்கடித்தவருக்கு வாக்குக் கேட்டார். நவம்பரில் கட்சி 39 மாநிலங்களில் வென்றது. 1953 சனவரியில் டாஃப்ட் செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். பொறுப்பேற்ற சில திங்களில் புற்றுநோய் பற்றிற்று. சூலை 31ஆம் நாள் நியூயார்க் மருத்துவமனையில் மறைந்தார். 1957இல், செனட் சபையின் மாபெரும் ஐவரைத் தேர்ந்த குழு அவரையும் ஒருவராகத் தேர்ந்தது. அந்தக் குழுவின் தலைவர், எதிர்க்கட்சிக்காரரான ஜான் கென்னடி!

தகராறு அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் நெருக்கமாகப் போட்டியிட்டபோது, டெமாக்ரடிக் கட்சியிலே இதே புயல். குறித்த நாளுக்கு முன்பே பிரைமரி நடத்திய ஃபுளோரிடா, மிச்சிகன் மாநிலப் பிரதிநிதிகளுக்கு முதலில் வாக்கே இல்லை என்றனர். மே 31ஆம் நாள் அரை வாக்கு என்றனர். போட்டி முடிந்த பின், மாநாட்டில் முழு வாக்குத் தந்தனர். கட்சி மாறலாம், காலம் மாறலாம், கேள்வி மாறவில்லை.

நாம் இதிலிருந்து கொள்வது என்ன? விதியைப் போட்டி வருமுன் எழுது. எழுதும்போது, நாளை எதிரணி கையில் இந்தப் புத்தகம் இருந்தால் என்னாகும் என்று எண்ணி எழுது. வழக்குக்குரியவனை நீதிபதியாக்காதே. நாட்டுக்கு நீதி கேட்கும் கட்சி, முதலில் தன் வீட்டு முற்றத்தில் அதனை நட்டு வளர்க்க வேண்டும். இத்தனையும் செய்த பின்னும் தோல்வி வந்தால், டாஃப்டைப் போல் தாங்கு!