அட்டவணை தந்த அறிஞர்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் கடைவீட்டு மாடி ஒன்றில் பிரத்தியேக வகுப்பு நடப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவி கணிதம், அறிவியல், தமிழ் ஆகிய மூன்று பாடங்களுக்குப் பதிகிறாள். பதிவேட்டில் அவளது பெயரும் முகவரியும் மூன்று முறை எழுதப்படுகின்றன. அவள் வீடு மாறியதும் இரண்டு இடங்களில் முகவரி திருத்தப்படுகிறது, மூன்றாவது மறந்துபோகிறது. இனி எந்த முகவரியை நம்புவது? இத்தகைய சிக்கலுக்குக் கணிதத்தின் துணையோடு தீர்வு கண்டவர் எட்கர் ஃபிராங்க் கோட்.

கோட் 1923ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தில் நிரலாளரானார். நாற்பது வயதைக் கடந்த பிறகே, 1965இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் கணினித் தரவுகள் பெரும்பாலும் மரக்கிளைகளைப் போல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எந்தக் கிளை வழியே சென்றால் எது கிடைக்கும் என்பதை நிரலாளர் அறிந்திருக்க வேண்டும். அடுக்குமுறை மாறினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டும். 1970இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில், தரவுகளை எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்றார் கோட்.

அந்த மாணவியின் பதிவேட்டை அவர் வழியில் அமைத்துப் பார்க்கலாம். மாணவர் விவரங்களுக்கு ஓர் அட்டவணை. பாட விவரங்களுக்கு மற்றோர் அட்டவணை. ஒரு மாணவர் பல பாடங்கள் பயில்வார். ஒரு பாடத்தைப் பலர் பயில்வர். ஆகவே பதிவுக்கென்று மூன்றாவது அட்டவணை ஒன்று தேவை. அதில் பெயரோ முகவரியோ இராது. மாணவர் எண், பாடக் குறியீடு, சேர்ந்த நாள் ஆகியவை மட்டுமே இருக்கும். மாணவர் எண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்த அதே இணை இரண்டாம் முறை வரக்கூடாது. முகவரி மாறினால் மாணவர் அட்டவணையில் ஒருமுறை திருத்தினால் போதும். ஒரு பாடத்தின் கடைசி மாணவர் விலகினாலும் அப்பாடத்தின் விவரம் அழியாது.

இவ்வளவு எளிய கருத்தை அவர் பணியாற்றிய நிறுவனமே உடனே ஏற்கவில்லை. மரக்கிளை முறையில் அமைந்த ஐ.எம்.எஸ். மென்பொருள் அதற்கு நல்ல வருவாய் தந்துகொண்டிருந்தது. கோட் தளரவில்லை, தொடர்ந்து எழுதினார், வாதிட்டார். அதற்குள் வெளியார் முந்திக்கொண்டனர். அவரது கருத்தின் அடிப்படையில் உருவான ஆரக்கள் மென்பொருள் 1979இல் விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். 1981இல்தான் அத்தகைய மென்பொருளை விற்கத் தொடங்கியது. கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கோட்டுக்குக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

பின்னர், அவரது முறையின் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு பல மென்பொருள்கள் சந்தைக்கு வந்தன. அவற்றைச் சோதிக்க 1985இல் பன்னிரண்டு விதிகளை வகுத்தார். சுழியத்திலிருந்து எண்ணியதால் அவை உண்மையில் பதின்மூன்று! கோட் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், தமது 79ஆம் வயதில், புளோரிடாவில் காலமானார்.