டிராக்டர் பின்பக்கமா கவிழாம காப்பாற்றும் 3 கம்பிகள்... யார் இந்த ஹாரி பெர்குசன்?

திருவள்ளூர் மாவட்டம் வேப்பம்பட்டு பக்கம் போனால், டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும் பழைய டிராக்டர்களைப் பார்த்திருப்பீங்க. அதில் சிலவற்றின் முகப்பில் 'மாஸி பெர்குசன்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெர்குசன் ஒரு மனிதரின் பெயர். டிராக்டரின் பின்னால் கலப்பையை மாட்டும் 3 கம்பிகளை உருவாக்கியவர். ஓட்டுநரின் உயிரைக் காப்பாற்றும் அந்தக் கம்பிகளைத் தப்பாகப் பயன்படுத்தினால் அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

விமானம் ஓட்டிய விவசாயி மகன்

ஹாரி பெர்குசன் 1884 நவம்பர் 4-ம் தேதி, அயர்லாந்தின் டிரோமோர் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வயல் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய சைக்கிள், கார் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்துவிட்டார்.

1909 டிசம்பர் 31-ல், தானே உருவாக்கிய விமானத்தில் பறந்து காட்டினார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர்தான். பிறகு 1911-ல் சொந்தமாக வாகன விற்பனையில் இறங்கினார்.

வயலில் பறிபோன உயிர்கள்

வேண்டாம் என்று விட்டு வந்த வயல், முதல் உலகப் போர் நேரத்தில் மறுபடியும் அவரைக் கூப்பிட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்க, அயர்லாந்தில் ஓடும் டிராக்டர்களைக் கவனிக்கும் பொறுப்பு 1917-ல் அவரிடம் வந்தது. பொறியாளர் வில்லி சாண்ட்ஸ் உடன் ஊர் ஊராகப் போனவர், ஒரு பெரிய ஆபத்தைக் கவனித்தார்.

அப்போது மாட்டுக்குப் பின்னால் கட்டுவது போலத்தான் டிராக்டருக்குப் பின்னாலும் கலப்பையைக் கட்டினார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் மாடு நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. என்ஜின் முறுக்கிக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் நகர முடியாததால், முன்பக்கம் மேலே தூக்கும். அப்படியே மல்லாந்து ஓட்டுநர் மேலேயே விழும். அந்தக் காலத்தில் விலை குறைவாக, எடை குறைவாக வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் இப்படிப் பலர் உயிரிழந்தனர்.

3 கம்பிகள் என்ன செய்கின்றன?

பெர்குசனின் யோசனை எளிமையானது. கலப்பையைத் தனியாக இழுக்கக் கூடாது, டிராக்டரோடு ஒரே உடலாகச் சேர்க்க வேண்டும். கீழே 2 கம்பிகள், மேலே 1 கம்பி. கீழே உள்ளவை கலப்பையை இழுக்கும். மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும்போது, மேல் கம்பியான 'டாப் லிங்க்' டிராக்டரை முன்னோக்கி அழுத்தும். இதனால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பாது.

இதோடு ஹைட்ராலிக் அமைப்பையும் சேர்த்தார். மேல் கம்பியில் வரும் அழுத்தத்தை வைத்து, கலப்பை எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அதுவே சரிசெய்யும். இதற்கு 1926-ல் காப்புரிமை கிடைத்தது. 1933-ல் கறுப்பு வண்ணத்தில் மாதிரி டிராக்டரும் தயாரானது.

கைகுலுக்கலும் கோர்ட் கேஸும்

1938 அக்டோபரில் அமெரிக்கா போய், ஹென்றி ஃபோர்டு முன்னால் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எதுவும் இல்லை, வெறும் கைகுலுக்கல்தான். மறு ஆண்டே புதிய டிராக்டர் சந்தைக்கு வந்தது.

ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் இந்த உறவு முறிந்தது. ஆனாலும் பெர்குசனின் அமைப்பு ஃபோர்டு டிராக்டர்களில் தொடர்ந்தது. அவர் 25 கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் கிடைத்தது 92.5 லட்சம் டாலர்தான்.

இதற்கிடையே இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை, அவரது டிஇ20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராகின. 1953-ல் மாஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தார். அப்போது விலையில் 10 லட்சம் டாலர் இழுபறி வர, நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். தோற்றது பெர்குசன்.

மெட்ராஸுக்கு வந்த பெயர்

1960 அக்டோபர் 25-ல், 75 வயதில் பெர்குசன் இறந்தார். அதே 1960-ல்தான் மெட்ராஸில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. மாஸி பெர்குசன் கூட்டுடன் செம்பியத்தில் டிராக்டர் தயாரிப்பு நடந்தது. அப்படித்தான் அந்தப் பெயர் நம்ம ஊர் வயல்களுக்கு வந்தது.

இன்றும் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. 3 கம்பியிலும் முறையாக மாட்டிய கலப்பைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. வேர்க்கட்டையைப் பிடுங்க, சிக்கிய வண்டியை இழுக்க என்று டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ ஆக்சிலிலோ சங்கிலியைக் கட்டினால், கதை 1917-க்கே திரும்பிவிடும். முன்பக்கம் தூக்க ஆரம்பித்தால் ஒரு நொடிக்குள் கைமீறிப் போய்விடும். கிளட்ச் மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* எதை இழுத்தாலும், பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்க.
* தேய்ந்த பின்னுக்குப் பதிலாகக் கிடைத்த போல்ட்டைச் செருகாதீங்க. பூட்டு கிளிப் கட்டாயம்.
* சேற்றில் சிக்கினால் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்ற முயலாதீங்க. அப்போதும் முன்பக்கம் தூக்கும்.
* டிராக்டர் பின்னால் வரும்போது, டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.
* இறங்கும் முன் கலப்பையைத் தரையில் இறக்கிவிடுங்க. பழைய ஹைட்ராலிக்கை நம்பி அடியில் போகாதீங்க.
* கவிழ்ந்தால் தாங்கும் பாதுகாப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இருந்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பெர்குசன் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கொடுத்த 3 கம்பிகள் இன்றும் அதே வேலையைச் செய்கின்றன. சங்கிலியை எங்கே மாட்டுவது என்பது மட்டும் இன்னும் ஓட்டுநர் கையில்தான் இருக்கிறது.