மென்டல் போட்ட கணக்கு மன்னவனூர் முயலுக்கும் பொருந்தும்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூர் ஆட்டுப் பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது. 1965ல் தொடங்கப்பட்டது. ராஜஸ்தானின் சோக்லா, நாலி ஆடுகளை வெளிநாட்டு மெரினோ, ராம்புலே இனங்களுடன் கலந்து உருவாக்கிய பாரத் மெரினோ அங்கு வளர்கிறது. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் உண்டு. இரண்டு இனங்களைச் சேர்த்தால் குட்டி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட வழிகாட்டியவர் கிரிகோர் மென்டல்.

அவரும் விவசாயி மகன்தான். இன்றைய செக் குடியரசில் ஒரு சிற்றூரில் 1822ல் பிறந்தார். வறுமையில் படித்து, 1843ல் புருனோ நகர மடத்தில் துறவியானார். கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கிடாவின் கம்பளித் தரம் குட்டிக்கு எப்படிப் போகிறது என்பதே அங்குள்ள மெரினோ வளர்ப்போரின் பெரிய கேள்வி. மடத்தின் தலைவர் நாப்பும் அந்த விவாதங்களில் கலந்துகொண்டவர்.

மென்டல் விடை தேடியது பட்டாணியில். 1856 முதல் 1863 வரை சுமார் 28,000 செடிகளை வளர்த்தார். உருண்டை விதை ரகத்தையும் சுருங்கிய விதை ரகத்தையும் கலப்பு செய்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய 3க்கு 1. சுருங்கும் குணம் அழியவில்லை, ஒளிந்திருந்தது. 1865ல் இதை விளக்கினார், 1866ல் அச்சானது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1884ல் காலமானார். 1900ல்தான் மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியே அதே முடிவைக் கண்டு, அவரது பெயரை உலகறியச் செய்தனர்.

உங்கள் கொட்டிலுக்கு வருவோம். சிவப்புக் கண் வெள்ளை முயலைத் தூய சின்சில்லாவுடன் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் நிறமாகப் பிறக்கும். அந்தக் கலப்புக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், சராசரியாக நான்கில் ஒன்று வெள்ளை. நீங்கள் வாங்கிய சின்சில்லா ஆண் முயல் வெள்ளையை மறைத்து வைத்திருக்கிறதா? வெள்ளைப் பெண் முயலுடன் சேர்த்துப் பாருங்கள். ஒரு குட்டி வெள்ளையாகப் பிறந்தாலும் மறைத்திருக்கிறது என்று பொருள். ஏழெட்டுக் குட்டிகளும் நிறமாக இருந்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

உடல் எடைக்கும் கம்பளி அளவுக்கும் இந்த 3க்கு 1 கணக்கு செல்லாது. அவற்றைப் பல மரபணுக்களும் தீவனமும் பராமரிப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எனவே, தோற்றத்தை மட்டும் பார்த்துக் கிடாவைத் தேர்வு செய்யாதீர்கள். தாய், தந்தை எண், பிறப்பு எடை, பால்குடி மறக்கும்போது எடை ஆகியவற்றை நோட்டில் குறித்து வையுங்கள். நல்ல குட்டிகளைத் தந்த கிடாவையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஆனால் அதன் மகள்களுடன் சேர்க்க வேண்டாம். ஒளிந்திருக்கும் குறைகள் வெளிப்படும். வெளியிலிருந்து கிடா வாங்கும்போது பெற்றோர் விவரத்தையும் கேட்டுப் பெறுங்கள்.