ஹாரி ஹாப்கின்ஸ்

செல்வத்திற் சிறந்த ஐக்கிய அமெரிக்க நாட்டிலே கோடிக்கணக்கான மாந்தர் வேலையின்றிப் பசியால் வாடிய காலமொன்று உண்டு. அக்காலத்தில் அவர்தம் வயிற்றுக்குச் சோறும் கைக்கு வேலையும் தேடித் தந்தோருள் முதல்வர் ஹாரி லாயிட் ஹாப்கின்ஸ் ஆவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் அயோவா மாகாணத்துச் சூ சிட்டி என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணஞ் செய்யுந் தொழிலினர்; அன்னையார் மெதடிஸ்து சபையிற் பெரும்பற்றுடையவர். பயின்றது கிரின்னல் கல்லூரியில். அதுவும் நம் கல்லூரியைப் போன்றே திருத்தொண்டர்களால் நிறுவப்பெற்றதென்பதை நினைக்குந்தோறும் நம் உள்ளம் உவக்கின்றது. 1912இல் பட்டம் பெற்றதும் நியூயார்க்கு நகரின் ஏழை மக்கள் வாழுங் கீழைப் பகுதியில், கிறிஸ்துவின் கொடை எனப் பொருள்படும் பெயருடைய கிறிஸ்தொடோரா இல்லத்திற் பணியேற்றார். அன்று முதல் ஏறக்குறைய இருபதாண்டுகள் வறியோர் தொண்டிலேயே கழிந்தன.

1929இல் வாணிக வீழ்ச்சி நேர்ந்தது. சபைகளின் தருமப் பணமும் நகரசபைகளின் நிதியும் விரைவில் வறண்டன. மத்திய அரசாங்கமோ நேரே உதவ முன்வந்திலது. அந்நிலையில், நியூயார்க்கு மாகாணக் கவர்னராயிருந்த ரூஸ்வெல்ட்டு, 1931இல் மாகாண வருமான வரியை உயர்த்தி 2 கோடி டாலர் ஒதுக்கி ஓர் உதவி நிலையம் அமைத்தார். அதனை நடத்தும் பொறுப்பு ஹாப்கின்ஸிடம் வந்தது. வேலையற்றோரைத் தாங்குதல் மாகாணத்தின் கடன் என்று ஒரு மாகாணம் ஏற்றுக்கொண்டு செய்து காட்டியமை பெருஞ்செயலன்றோ!

ரூஸ்வெல்ட்டு குடியரசுத் தலைவரானதும் 1933 மே மாதத்தில் 50 கோடி டாலர் மத்திய உதவி நிதி ஏற்பட்டது. ஹாப்கின்ஸ் பதவியேற்ற நாளில், நடைவழியிற் கிடந்த மேசையொன்றின் முன்னமர்ந்து, இரண்டு மணி நேரத்திற்குள் 50 இலட்சம் டாலருக்கு மேல் மாகாணங்களுக்கு வழங்கினார். சிவப்புநாடாவில் உழலும் அலுவலகங்களை அறிந்தோர்க்கு இது வியப்பே. அந்நிதியிற் பாதிக்கு ஒரு விதியுண்டு: மாகாணமும் ஊரும் மூன்று டாலர் செலவிட்டால் மத்திய அரசு ஒரு டாலர் தரும். வளமிக்க மாகாணம் மிகுதியும் பெற, வறிய மாகாணம் கைபிசைந்து நிற்பது இவ்விதியின் குறையாகும். எஞ்சிய பாதியை அவர் தேவை நோக்கிப் பகிர்ந்தளித்தார். தம் பங்கைத் தர மறுத்த கவர்னர்களோடு அவர் ஓயாது வழக்கிட நேர்ந்தது. 1935இல் ஒகாயோ மாகாணத்தில் உதவிப்பணி ஊழலுற்றதென அதனை மத்திய அரசு தன் கையிலெடுத்தபோது, அம்மாகாணக் கவர்னர் டேவி, அவதூறு கூறினாரென்று ஹாப்கின்ஸைச் சிறைப்படுத்தவே ஆணை பெற்றார். அது நிறைவேறவில்லை.

பிச்சையினும் வேலையே மனிதனுக்கு மானந் தருமென்பது அவர் கொள்கை. 1934 சனவரிக்குள் 40 இலட்சம் பேர்க்குச் சாலை, பள்ளி, விமானத்தளம் முதலியன அமைக்கும் வேலை தந்தார். ஆயின் 1935 இறுதியில் மத்திய அரசு நேர் உதவியை நிறுத்திற்று. உழைக்க வல்லார்க்குப் புதிய வேலைத்திட்டம் வந்தது; முதியோர், நோயாளர் முதலிய ஏனையோர் மாகாணங்களின் கையில் விடப்பட்டனர். ஹாப்கின்ஸின் பெருமையை மதிக்கும் நாம் இவ்விடத்தில் அவரோடு உடன்பட இயலவில்லை. வெறுங்கையராய் நின்ற மாகாணங்கள் எதனைக் கொண்டு தாங்கும்? நியூஜெர்சி மாகாணம் 1936இல் தன் உதவி நிலையத்தை மூடி, பாரத்தை ஊராட்சிகளின்மேல் வைத்தது. வேலையற்றோர் கூட்டமாய்ச் சென்று திரெண்டன் நகரச் சட்டசபை மண்டபத்திற் புகுந்து, உறுப்பினர் இருக்கைகளிலேயே பல நாள் தங்கினர். வேலைத்திட்டத்திலும் தகுதியுடையார் அனைவர்க்கும் இடம் இருந்ததில்லை.

இக்குறையை ஓரளவு நீக்கியது 1935 ஆகஸ்டுத் திங்கள் நிறைவேறிய சமூகக் காப்புச் சட்டம். அதனை வரைந்த குழுவில் தொழில் மந்திரி பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார் தலைவர். ஹாப்கின்ஸும் ஓர் உறுப்பினர். முதலாளிகள் செலுத்தும் வரியிலிருந்து மாகாணந்தோறும் வேலையின்மைக் காப்பு நிதி வளர வழி பிறந்தது. 1937க்குள் எல்லா மாகாணங்களும் அதற்குரிய சட்டம் இயற்றின.

அவ்வாண்டிலேயே வயிற்றுப் புற்றுநோய்க்காக ஹாப்கின்ஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் அவர் உடல் தேறவேயில்லை. எனினும் போர்க்காலத்தில் வெள்ளை மாளிகையிலேயே தங்கித் தலைவர்க்குத் துணைநின்றார். இலண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் தூது சென்றார். அவர் தொடங்கிய வேலைத்திட்டம் 85 இலட்சம் பேர்க்குத் தொழிலளித்து 1943இல் முடிவுற்றது. கோடி கோடியாய்ப் பொதுப்பணத்தை வழங்கிய அவர், தமக்கென ஏதும் ஈட்டிவையாது, 1946 சனவரி 29ஆம் நாள் தமது ஐம்பத்தைந்தாம் வயதில் நியூயார்க்கு நகரிற் காலமானார்.