வைக்கோலில் காகிதம் செய்து திவாலானவர்: யார் இந்த மத்தியாஸ் கூப்ஸ்?

காகிதம் எதிலிருந்து வருகிறது? மரத்திலிருந்து என்று சட்டுனு சொல்லிவிடுவோம். 1800-ல் லண்டனில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் கந்தல் துணி. பழைய பருத்தித் துணியையும் லினனையும் இடித்துக் கூழாக்கித்தான் காகிதம் செய்தார்கள். பிரான்சோடு போர் நடந்த காலம். வெளிநாட்டுக் கந்தல் வருவதில் சிக்கல், காகித விலையோ எக்கச்சக்கம்.

இந்தச் சமயத்தில்தான் மத்தியாஸ் கூப்ஸ் களமிறங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர். வரைபடங்கள் வெளியிட்டவர். 1790-லேயே ஒரு தடவை திவாலானவர்! ஆனாலும் ஆள் அசரவில்லை. 1800 ஏப்ரலில், அச்சடித்த பழைய காகிதத்திலிருந்து மையை நீக்கி மறுபடி காகிதமாக்க ஒரு காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வைக்கோல், புல், முட்செடி, சணல் கழிவு, மரம், மரப்பட்டை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்ய இன்னொன்று.

வைக்கோலில் காகிதம் என்பது அவருக்கு முன்பே தெரிந்த யோசனைதான். ஜெர்மனியில் ஷேஃபர் என்ற பாதிரியார் வைக்கோல் முதல் குளவிக்கூடு வரை பலவற்றில் மாதிரித் தாள்கள் செய்து காட்டியிருந்தார். கூப்ஸ் அதை வியாபாரமாக்கப் பார்த்தார். காகித வரலாறு பற்றி ஒரு புத்தகம் எழுதி, வைக்கோல் தாளிலேயே அச்சிட்டு, மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சமர்ப்பித்தார். இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேணும்?

புத்தகத்தைப் பிரித்தால் ஒரு குறை கண்ணில் படும். தாள் மஞ்சளாக இருக்கிறது.

காரணம் லிக்னின். வைக்கோலின் நார்களைப் பசைபோல ஒட்டிவைத்திருக்கும் பொருள் அது. துணியில் அது கிட்டத்தட்ட இல்லை. நூலாகும்போதும் வெளுக்கும்போதும் பெரும்பாலும் போய்விடும். அதனால் லேசாக குளோரின் காட்டினாலே துணிக்கூழ் வெள்ளையாகிவிடும். வைக்கோலை சுண்ணாம்பில் ஊறவைத்து வேகவைத்தால் நார் பிரியும், ஆனால் லிக்னின் நிறைய மிச்சமிருக்கும். அதன்மேல் பிளீச்சிங் பவுடரை எவ்வளவு கொட்டினாலும் முதலில் லிக்னினே அதைத் தின்றுவிடும். செலவுதான் ஏறும். இத்தனைக்கும், ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799-லேயே பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வெளுக்கிற மருந்து கையருகே இருந்தது, அதற்கு முன்னால் லிக்னினைக் கரைக்கிற வழிதான் இல்லை.

இதெல்லாம் தெரியாமலே மில்பேங்க்கில் பெரிய வைக்கோல் காகித ஆலை எழும்பியது. பலர் பணம் போட்டார்கள். ஓரிரு ஆண்டிலேயே கம்பெனி தள்ளாடியது. 1804-ல் ஆலை ஏலத்துக்கு வந்தது. பணம் போட்டவர்கள் கைவிரலைச் சூப்பவேண்டியதாயிற்று. பெர்மாண்ட்சியில் பழைய தாளை மறுசுழற்சி செய்த அவருடைய நெக்கிங்கர் ஆலை, பின்னர் தோல் பதனிடும் இடமாக மாறியது.

அரை நூற்றாண்டு கழித்து நிலைமை மாறியது. காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தோடு வேகவைத்தால் லிக்னின் கரைந்துபோகும் என்பது தெரிந்தது; அதன் பிறகு குளோரின் வெளுப்பு எளிதாக வேலை செய்தது. தாமஸ் ரௌட்லெட்ஜ் 1856-ல் எஸ்பார்ட்டோ புல்லுக்குக் காப்புரிமை வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஐன்ஷாம் ஆலையில் காகிதம் செய்தார். நம்ம ஊர் புகளூர் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுப்பதும் இந்த வரிசையில்தான்: முதலில் ரசாயனத்தில் வேகவைப்பு, பிறகு வெளுப்பு. கூப்ஸின் மஞ்சள் புத்தகப் பிரதிகள் இன்னும் சில நூலகங்களில் இருக்கின்றன.