கொழும்புத்துறைக் கொட்டிலில் யோகர் சுவாமிகள்

ஈழத்துச் சித்தர் பரம்பரையிலே நல்லூர்த் தேரடியில் உலாவிய செல்லப்பா சுவாமிகளின் சீடராய் விளங்கியவர் சிவயோக சுவாமிகள். அன்பர்கள் அவரை யோகர் சுவாமிகள் என்றே அழைத்தனர். அவர் வாழ்ந்த சிறு கொட்டிலைச் சிந்தித்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், கந்தப்பெருமான் கோயில் கொண்டருளும் மாவிட்டபுரத்தில் அவதரித்தார். இளமையிலே தாயாரை இழந்து, கொழும்புத்துறையில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பின் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றினார். 1905ஆம் ஆண்டளவில் நல்லூரிலே குருநாதரைக் கண்டபின், உத்தியோகமும் உடைமையும் அவரைக் கட்டி வைக்க முடியவில்லை. யாவற்றையும் துறந்து குருவின் பின்னே சென்றார்.

1915இல் செல்லப்பா சுவாமிகள் சமாதியடைந்தார். குருநாதருக்குத் தேரடி எப்படியோ, அப்படியே சீடருக்குக் கொழும்புத்துறைச் சந்தியிலிருந்த இலுப்பை மரத்தடி அமைந்தது. வெயிலென்றும் மழையென்றும் பாராது சில ஆண்டுகள் அம்மரத்தின் கீழேயே இருந்தார். பின்னர் அன்பர்கள் வேண்ட, அயலிலிருந்த வளவொன்றில் ஓலையால் வேய்ந்த சிறு கொட்டிலில் தங்கலானார். மண் சுவர், சாணத்தால் மெழுகிய நிலம், எரியும் கற்பூரச் சுடர். இவையே அங்கிருந்த செல்வம்.

கொழும்புத்துறை கடனீரேரியை அண்டிய ஊர். ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று வீசத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் பெய்யும் மழையின் பெரும்பகுதி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஓலைக் கொட்டிலில் மாரியைக் கழித்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். மழைக்கு முன் கூரை வேயத் தவறினால் ஒழுக்கு, வேய்ந்தாலும் தூவானம், மெழுகிய நிலத்திலோ ஈரம் ஊறும். அத்தகைய ஓலைக் குடிலையே சுவாமிகள் மாரிக்கும் கோடைக்கும் உறைவிடமாகக் கொண்டார்.

அக்கொட்டிலை நாடி உத்தியோகத்தர், கமக்காரர், ஆசிரியர், சட்டத்தரணிகள் எனப் பலரும் வந்தனர். இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மைந்தரும் வந்து சீடரானார். பெரிய மனிதரும் ஏழையும் ஒரே நிலத்திலே அமர்ந்தனர். தேவாரமும் சுவாமிகளின் நற்சிந்தனைப் பாடல்களும் அங்கே ஒலித்தன. 1935இல் சிவதொண்டன் இதழ் தொடங்கியது. 1953இல் அன்பர்கள் தியானம் செய்வதற்கென யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. அடியார்களுக்கு நிலையம் அமைந்தபோதும், சுவாமிகளின் இருப்பிடம் கொழும்புத்துறையாகவே இருந்தது. 1961இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வைத்தியசாலையில் பல நாள் இருக்க நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு பங்குனி ஆயிலியத்தில் மகாசமாதி அடைந்தார்.

அதன்பின் எம்மவர்க்கு வந்த மாரிகள் பல. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஐப்பசி மழையில் நனைந்தபடி வலிகாம மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். தென்மராட்சியிலும் வன்னியிலும் எத்தனையோ குடும்பங்கள் ஓலைக் கொட்டில்களிலும் தறப்பாளின் கீழும் மாரியைக் கழித்தன. அது விரும்பி ஏற்ற வாழ்வன்று. அதைத் துறவென்று சொல்வது அவர்கள் பட்ட துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். சுவாமிகளோ தாமே விரும்பி அக்கொட்டிலை ஏற்றார். ஆயினும், ஒழுகும் கூரையின் கீழும் விளக்கேற்றித் தேவாரம் ஓதிய எம் தாய்மார், வீடு சிறிதாயினும் அதில் இறைவனுக்கு இடமுண்டு என்ற அதே உண்மையைத் தம் வாழ்விலே கண்டவர்களே.

இன்று கல்வீடு கட்டி மாரிக்கு அஞ்சாது உறங்குவோர், அயலிலே ஒழுகும் கூரை ஒன்றிருப்பின் முதலில் அதை வேய்ந்து கொடுத்தல் வேண்டும். அதுவே சுவாமிகள் வழிகாட்டிய சிவதொண்டாகும். அதற்கு எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.