லிஸ்டரும் குடல்நூலும்

லிஸ்டர் என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த கார்பாலிக் அமிலம்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். புண்ணில் சீழ் வைப்பது கிருமிகளால் என்று உணர்ந்து, அவற்றை அமிலத்தால் அழித்து, அறுவை மருத்துவத்தைக் காத்தவர் அவர். ஆனால் அது பாதிக் கதைதான். அயற்பொருள் ஒன்றை மனித உடலுக்குள் வைத்து மூடிவிடலாமா, மூடினால் அது உள்ளே என்ன செய்யும் என்று முறையாகச் சோதித்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். இன்று குடலிறக்கத்துக்கு வயிற்றுச் சுவரில் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைக்கிறார்கள் அல்லவா? அந்த வலையைப் பற்றி எழும் கேள்விகளை அவர் ஒரு சாண் நூலை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

ஜோசப் லிஸ்டர் 1827ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மது வணிகர். ஆயினும் ஓய்வு நேரத்தில் நுண்ணோக்கியின் வில்லைகளைத் திருத்தி, அறிவியலார் நடுவே பெயர் பெற்றவர். குவேக்கர் என்னும் எளிய சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. லண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், 1853இல் சைம் என்னும் பேராசிரியரிடம் சிறிது காலம் பழகி வரலாம் என்று எடின்பரோ சென்றார். சென்றவர் ஸ்காட்லாந்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் தங்கிவிட்டார்! ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு இது புதிதன்று. சைமின் மகள் ஆக்னசை 1856இல் மணந்தார். அவருடைய சோதனைக் குறிப்பேடுகளில் பல பக்கங்கள் அவ்வம்மையாரின் கையெழுத்தில் உள்ளவை.

1860இல் கிளாஸ்கோவில் பேராசிரியரானார். 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த பதினோரு வயதுச் சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலக் கட்டுப் போட்டார். கால் பிழைத்தது. இச்செய்தி எல்லா நூல்களிலும் உண்டு. அடுத்து வருவதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்தில் அறுவையின்போது தமனியைப் பட்டு நூலால் இறுகக் கட்டுவார்கள். நூலின் ஒரு முனையைப் புண்ணுக்கு வெளியே தொங்க விடுவார்கள். சில வாரங்களில் கட்டிய இடம் அழுகி, நூல் கழன்று வரும். அப்படிக் கழலும்போது குருதி பீறிட்டு மாண்டவர்கள் பலர். நூலை ஒட்ட நறுக்கி உள்ளேயே விட்டுப் புண்ணை மூட முடியுமா என்பதே லிஸ்டரின் கேள்வி.

முதலில் ஒரு குதிரையின் கழுத்துத் தமனியை அமிலத்தில் ஊறிய பட்டு நூலால் கட்டினார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது சீழே இல்லை. வேறொருவராயிருந்தால் அத்துடன் நின்றிருப்பார். 1868இல், தமனி புடைத்து நோயுற்ற ஒரு பெண்மணிக்கு அதே முறையில் கட்டுப் போட்டார். புண் நன்றாக ஆறியது. ஏறத்தாழப் பத்து மாதம் கழித்து, மார்பில் இருந்த மற்றொரு தமனிப் புடைப்பு வெடித்து அவர் இறந்தார். நூலுக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை. ஆயினும் லிஸ்டர் பழைய கட்டைத் திறந்து பார்த்தார். பட்டு நூல் முழுதும் கரையாமல் கிடந்தது. அருகில் சீழ் போன்ற நீர் சிறிது தேங்கியிருந்தது. குதிரை நல்ல சான்று சொல்லிற்று, நோயாளியும் நலமாகவே இருந்தார் என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. பட்டு வேண்டா என்று முடிவு செய்தார்.

பிறகு எடுத்தது கேட்கட். பெயரைக் கேட்டுப் பூனையை நினைக்க வேண்டா. அது ஆட்டின் குடலில் திரித்த நூல், பிடில் தந்திக்கும் பயன்பட்டது. 1868 டிசம்பர் 31ஆம் நாள், தந்தையாரின் அப்டன் வீட்டில், தமக்கையின் மகன் காட்லி உடனிருக்க, ஒரு கன்றின் கழுத்துத் தமனியை அமிலத்தில் ஊறிய குடல்நூலால் கட்டினார். முப்பது நாள் சென்றது. கன்றைக் கொன்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கே மனம் கூசுகிறது. கட்டுகள் அப்படியே இருப்பதுபோலத் தோன்றவே முதலில் அவருக்கு ஏமாற்றம். கூர்ந்து நோக்கியபோது, நூல் இருந்த இடத்தில் உயிருள்ள சதைப் பட்டை! நூலே சதையாக மாறிற்று என்று அவர் கருதினார். உடலின் அணுக்கள் நூலைச் சிறிது சிறிதாக அரித்துத் தீர்க்க, அங்கே புதுத் திசு வளர்கிறது என்பது இன்றைய விளக்கம். விளக்கம் பிசகினாலும் கண்டது பிசகவில்லை.

ஆனால் குடல்நூல் அவரை எளிதில் விடவில்லை. வழுக்கிற்று, சில வேளை உரிய காலத்துக்கு முன்பே கரைந்தது. குரோமிக் அமிலத்தில் பதப்படுத்தினால் மெல்லக் கரையும் என்பதை 1881இல் அறிவித்தார். சீக்கிரம் கரைந்தால் கட்டு அவிழும், கரையாமலே கிடந்தால் உறுத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு காலக் கணக்கு உண்டு. குடலிறக்க வலையின் சிக்கலும் இதற்கு உறவுதான். 1958இல் அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர் பாலிஎத்திலின் வலையை நாய்களில் சோதித்த பின் மனிதருக்கு வைத்தார். பின்னர் பாலிபுரோப்பிலின் வந்தது. அது கரையாது. உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கும்; அதுவே வயிற்றுச் சுவருக்கு வலிமை, அளவு மீறினால் அதுவே விறைப்பும் வலியும். விலங்கில் சில வாரம் நன்றாயிருந்தது என்பது போதாது. பிசியோமெஷ் என்னும் வலை விற்பனைக்கு வந்து பல்லாயிரவர் உடலில் ஏறிய பின், ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் நோயாளிகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் பதிவேடுகள் அதில் குடலிறக்கம் மீண்டும் வருவது மிகுதி என்று காட்டின. 2016இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பெண்மணியின் பழைய கட்டைத் திறந்து பார்த்தாரே லிஸ்டர், அந்த வேலையைத்தான் இப்பதிவேடுகள் செய்தன.

லிஸ்டர் 1877இல் லண்டனுக்குத் திரும்பினார். அவ்வாண்டே, உடைந்த முழங்கால் சில்லு ஒன்றை மூட்டைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். மூட்டைத் திறப்பதே உயிருக்கு உலை என்று எண்ணிய காலம் அது. 1893இல் ஆக்னஸ் மறைந்தார், மக்கட்பேறு இல்லை. 1897இல் பிரபுப் பட்டம் வந்தது. 1908ஆம் ஆண்டு, எண்பதைத் தாண்டிய முதியவர், குடல்நூலைப் பதப்படுத்தும் முறை பற்றி மேலும் ஒரு குறிப்பு வெளியிட்டார். 1912 பிப்ரவரி 10ஆம் நாள் வால்மர் என்னும் கடற்கரை ஊரில் காலமானார்.